எத்தனை மீட்டரில் நிற்கும்?

பைக் வாங்கப் போகிறவன் எதைக் கேட்பான்? மைலேஜ் கேட்பான், தவணை எவ்வளவு என்பான், ஒன்றும் தோன்றாவிட்டால் சிவப்பு நிறம் இருக்கிறதா என்றாவது கேட்டுவைப்பான். இந்த ரயில் டிரைவர் அன்று காலை ஏறி இறங்கிய ஷோரூம்களில் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"அறுபதுல போகும்போது பிரேக் பிடிச்சா எத்தனை மீட்டர்ல நிக்கும்?"

கூட வந்த மைத்துனனுக்கு மானம் போயிற்று. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். பைக் வீடியோ பார்த்துப் பார்த்தே பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாக நினைப்பு. சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவன்தான். ஆனால் வாயை மூடத் தெரியாது. காலையில் தன் ஸ்கூட்டரில் டிரைவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், முதல் சிக்னலிலேயே நொந்துபோனான். விளக்கு மாறியதும் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. "பச்சை" என்று கணீரென்று ஒரு குரல். பக்கத்து காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, இது ரயில் இல்ல. எனக்கும் கண்ணு இருக்கு."

"சரி" என்றார் டிரைவர். அடுத்த சிக்னலிலும் கை நீண்டது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி, வாய் விட்டுச் சொல்லியே பழகியவர். டூட்டியில் அதுதான் சட்டம். இவன் சொன்னால் நின்றுவிடுமா?

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு வளைவு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார், அவசர பிரேக் போட்டார். ரயில் நின்றது, எழுநூறு மீட்டர் தள்ளி. டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து லீவு.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது அவருக்கு. துக்கம் இல்லை, பயம் இல்லை, பசிகூட இல்லை, நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டார். மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுத்தபோது எல்லோரும் கை தட்டியதால் அவரும் தட்டினார். மனைவி அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு கத்தியபோது மருந்து எடுத்து வந்து நிதானமாகத் தடவிவிட்டு, விட்ட வரியிலிருந்து பேப்பரைப் படித்தார். ஆபீஸ் டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா, கெட்ட கனவு உண்டா? வருகிறது, சாப்பிடுகிறேன், இல்லை. அவ்வளவுதான், வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலை டூட்டி.

மனைவி விடுவாளா? தம்பியை மாடிப்படியில் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "வண்டி எதுவா இருந்தாலும் சரிடா. நீ ஆளைப் பாரு. திங்கக்கிழமை இவரை நம்பி ஆயிரம் பேர் ஏறப் போறாங்க. இவரு உள்ள இருக்காரா இல்லையான்னே எனக்குத் தெரியல."

பைக் வாங்குவது முன்பே போட்ட திட்டம். மூன்று மாதம் முன்னால் லைசென்ஸ் எடுத்தபோது, நாற்பது வயதில் இந்த ஆசை எதற்கு என்று வீடே கேலி செய்தது. அப்போது அவருக்கு ஆசை இருந்தது. இப்போது இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் காரணம் தோன்றவில்லை. எனவே வந்தார்.

முதல் ஷோரூமில் நானூறு சிசிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு சிலிண்டர் வண்டி. ஸ்டார்ட் செய்ததும் கைப்பிடி கிடுகிடுவென்று ஆடியது. "அடேயப்பா! எப்படி உறுமுது பாருங்க மாமா" என்று மைத்துனன் குதித்தான். விற்பனையாளர் குதிரைசக்தி கணக்கைச் சொல்லி முடித்ததும் டிரைவர் தன் கேள்வியைக் கேட்டார். அந்த ஆள் மண்டையைச் சொறிந்துகொண்டு, "அதெல்லாம் நல்லா நிக்கும் சார்" என்றார்.

இரண்டாவது இடத்தில் முந்நூறு சிசி. எடை குறைவு, இருக்கை தாழ்வு, இரண்டு காலும் முழுதாகத் தரையில் பட்டது. "புதுசா ஓட்டுறவங்களுக்கு இதுதான் லாயக்கு" என்று மைத்துனன் பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். உடனே காதோரம் வந்து, "ஆனா ஆறு மாசத்துல சலிச்சுப் போயிடும்" என்றும் சொன்னான். கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

மூன்றாவது ஷோரூமில் இரண்டு சிலிண்டர் நானூறு. விலை மற்ற இரண்டையும்விட அதிகம்தான், ஆனால் கைக்கு எட்டாத விலை இல்லை. எஞ்சின் ஓடுவதே தெரியாத மென்மை. அங்கிருந்த விற்பனைப் பெண் அவர் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியாது சார். பின்னாடி குடோன் ரோடு காலியாத்தான் இருக்கும். நீங்களே ஓட்டி, பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பக்கமும் சாத்திய குடோன்கள், அங்கங்கே நிறுத்திய வேன்கள். முதல் கியர், இரண்டு, மூன்று. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மனசில் ஒன்றும் இல்லை. வேகமானி ஐம்பதைத் தொட்டபோதும் ஒன்றும் இல்லை.

இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் கையில் காய்கறிப் பையோடு ரோட்டுக்கு வந்தாள். நடுத்தர வயது. போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இடது பக்கம் ஒரு லாரியே போகிற அளவுக்கு இடம் இருந்தது. சைக்கிள் ஓட்டுகிற யாரும் அந்தப் பக்கம் ஒடித்திருப்பார்கள். டிரைவரின் கை திரும்பவே இல்லை. பதினாலு வருஷத்தில் அந்தக் கைகள் எதையும் திருப்பியதில்லை; தண்டவாளம் போகிற வழிதான் வழி. ஒரு கட்டைவிரல் ஹாரனை அழுத்தியது, மற்ற விரல்கள் பிரேக்கை இறுக்கின. அவளை நேருக்கு நேராகப் பார்த்தபடி, அவளை நோக்கியே போனார்.

பிரேக் லீவர் விரலுக்குள் படபடவென்று துடித்தது. பின்சக்கரம் லேசாகத் தூக்கியது. வண்டி நின்றது. முன்சக்கரத்துக்கும் அவள் காய்கறிப் பைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பிறகு ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள்!

"கண்ணு பொடனியிலயா இருக்கு? எருமை மாதிரி நேரா வர்றே! இவ்வளவு இடம் கெடக்குது, ஒதுங்கிப் போகத் தெரியாது?"

டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். செருப்பு இரண்டும் காலில் இருந்தன. பையிலிருந்து ஒரு தக்காளி மட்டும் உருண்டிருந்தது.

"தெரியாதும்மா" என்றார்.

"என்னது?"

"எனக்கு ஒதுங்கத் தெரியாதும்மா." குரல் உடைந்தது. "திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

குடித்திருக்கிறானோ என்று அவள் மூக்கைச் சுளித்துப் பார்த்தாள். அதற்குள் அவர் வண்டியைச் சரித்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. ஆறு வாரமாக எங்கே போயிருந்ததோ, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. மூக்கு ஒழுக, வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. இதோ பாரு, முழுசா நிக்கிறேன்."

"அன்னிக்கும் ஹாரன் அடிச்சேம்மா. அவரு திரும்பிப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. நகரல."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள்.

மூச்சு இரைக்க இரைக்க ஓடி வந்த மைத்துனன் காதிலும் அது விழுந்தது. தண்டவாளத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்த விஷயத்தை விசாரணையில்கூட அவர் சொன்னதில்லை. இப்போதுதான் கேட்கிறான். உடனே அக்காவுக்கு போன் போட்டான்.

"அக்கா, மாமா அழறாரு. அடி ஒண்ணும் இல்ல, வண்டியும் நல்லாத்தான் இருக்கு. ரோட்டுல உக்காந்து அழறாரு."

டிரைவர் நிமிர்ந்தார். "மாப்ளே, திங்கக்கிழமை நான் ஏற மாட்டேன். பைக்கு நின்னுடுச்சு பாத்தியா? ரயில் நிக்காது. இனிமே என்னால முடியாது. அந்த வேலைன்னா எனக்கு உசுருடா... ஆனா முடியாது."

"அக்கா, கேட்டுச்சா? நான் அப்புறம் பேசட்டுமா?"

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "போனை வெச்சுடாதடா. அவரு பேசட்டும், நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."