ஆளுக்கு ஆறு பூ

கலினாவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அவள் அம்மா ருமியானா அவர்களைக் கடித்துக் குதறிவிடுவாள். வராதாம்! தயிர் ஜாடிகளை அடுக்கிக் கூட்டல், மொச்சையைப் பங்குபோட்டு வகுத்தல், அப்பத்தை வெட்டிப் பின்னம், துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்து ஒற்றைப்படை இரட்டைப்படை. எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்படிதான் பள்ளிக்கூடம்.

போன இலையுதிர் காலத்தில் கலினா வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அவள் அப்பா வேலைசெய்த இடத்திலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு பள்ளி வாசலைப் பார்த்தாலே பிள்ளைக்கு வாந்தி. சரி, வீட்டில் படிக்கட்டும், வருஷக் கடைசியில் வந்து பரீட்சை கொடுத்தால் போதும் என்றார்கள். தேறாவிட்டால் மறுபடி வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். மற்றதெல்லாம் ஒப்பேறிவிட்டது. கணக்கு ஒன்றுதான் பாக்கி. அதுவும் இன்று தொங்கலில் நிற்கிறது.

பரீட்சை வைக்கும் ஸ்தானேவா டீச்சர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அம்மா கூட இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிக்குள் வந்த பயத்தில் கலினா எழுத்துக் கணக்குகளைச் சொதப்பி வைத்திருந்தாள்.

"இதுதான் கடைசி. இதையும் விட்டுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோ." தாய்மொழி எழுத்தைக் கொண்டாடும் எழுத்துத் திருநாளுக்குப் பிள்ளைகள் டீச்சர்களுக்குக் கொண்டுவந்த பியோனிப் பூக்கள் வாளியில் நிறைந்திருந்தன. டீச்சர் அதிலிருந்து பன்னிரண்டை எடுத்து மேசையில் போட்டார். "ரெண்டு ஜாடி. ஒண்ணு உங்கம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு. சமமாப் போடு."

கலினா யோசித்தாள். ஒன்றில் ஏழு, மற்றதில் ஐந்து போட்டாள். ஏழு இருந்த ஜாடியை அம்மா பக்கம் தள்ளினாள்.

"சமமான்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"முடியாது டீச்சர்."

"ஏன் முடியாது?"

பிள்ளை ஐந்து இருந்த ஜாடியை டீச்சர் பக்கம் தள்ளியது. ருமியானாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஐயோ, இது இவளே சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா! சனிக்கிழமைதோறும் கல்லறையில் நின்று, 'அப்பாவுக்குப் பூ இரட்டைப்படையிலதான் வைக்கணும், செத்தவங்களுக்கு அதான் வழக்கம். உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் ஒற்றைப்படை. எண்ணி வை, தப்பு வரக்கூடாது' என்று சொன்ன பாழாய்ப்போன வாய் இதுதானே! இப்போது அதைத் திறக்க வழியில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். அந்த வாசல், அந்த வாந்தி, காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு அலறும் பிள்ளை, எல்லாம் மறுபடியுமா? இவளால் தாங்க முடியாது.

"சமமாப் போட்டுத் தொலைடி!" என்று கத்திவிட்டாள்.

டீச்சர் முறைத்தார். கலினா அம்மாவையே பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, ஒரு பூவை எடுத்து இந்த ஜாடியிலிருந்து அந்த ஜாடிக்கு மாற்றினாள். "ஆளுக்கு ஆறு," என்றாள்.

"அப்படி வா வழிக்கு! இதுக்கா இத்தனை அழுகை? தேறிட்டே, போ." டீச்சர் கையெழுத்துப் போடக் குனிந்தார். "அந்தப் பூவை அம்மாவுக்கு எடுத்துக் கொடு."

வெளியே வந்ததும் ருமியானா பிள்ளையை இழுத்து நெற்றியில் திரும்பத் திரும்ப முத்தமிட்டாள். பிழைத்தோம்! ஆனால் கலினாவின் வலதுகை கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவில்லை. ருமியானா கையிலிருந்த பூக்களைப் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுதேடி?"

கலினா பையிலிருந்து கசங்கிய இரண்டு பூக்களை எடுத்தாள். "டீச்சரோடதுலயும் ஒண்ணு எடுத்துட்டேன். அவங்களும் பாவம்தானே? தப்புன்னு மறுபடி கூப்பிடுவாங்களாம்மா?"

"கூப்பிட மாட்டாங்க, தங்கம்."

"கூப்பிட்டாலும் பரவால்ல. உனக்கு ஆறு வேண்டாம்மா. நீயும் செத்துப்போயிட்டா நான் யார் காலுறையை ஜோடி சேர்ப்பேன்?"

ருமியானா பள்ளிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மடியில் இருத்தி, அவள் காதில் விழும்படி தன் கையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்க எண்ணினாள். ஐந்து வந்தது. கலினா நம்பாமல், "இன்னொரு தடவை எண்ணும்மா," என்றாள்.