மாசி மாதத்துச் சூளை

பொங்கல் முடிந்தால் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கொஞ்சம் பெரிய பட்டறைகளின் சூளைகள் அணைந்துவிடும். ஆர்டர் இல்லாமல் அல்ல. வருடத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை விற்கும் சிறு தொழிலுக்குக் கலால் வரி இல்லை. அதற்கு மேல் விற்கும் சரக்குக்கு நூற்றுக்குப் பதினாறு கட்ட வேண்டும். அந்த எல்லையை நெருங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, புதுக் கணக்காண்டு தொடங்கும் ஏப்ரலுக்குக் காத்திருப்பார்கள். பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் கனகாவும் அப்படித்தான் ஓட்டிவந்தாள்.

2005 தை மாதம் அவள் பட்டறையில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த தனக்கோடி நேரே வந்து நின்றாள்.

"ரெண்டு மாசம் வேலை இல்ல, அப்படித்தானேக்கா?"

"ஏப்ரல்ல கூப்புடுறேன்."

"கூப்புடாதீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறோம், பன்னெண்டு பேரு. வூட்டு வாடகை வருஷம் பூரா வருது, ஸ்கூலு செலவு வருது. கூலி மட்டும் ரெண்டு மாசம் நின்னா எப்படி?"

அந்தப் பன்னிரண்டு பேரும் போனால் ஏப்ரலில் சூளை மட்டும்தான் மிஞ்சும். "ரெண்டு வாரம் பொறு" என்று கனகா கெஞ்சினாள். தனக்கோடி அரைமனதாகத் தலையாட்டினாள்.

அன்றே கனகா ஆடிட்டர் திருமாலைப் போய்ப் பார்த்தாள்.

"உங்க தம்பி பேர்ல இன்னொரு கம்பெனி போட்டுடுங்க. அதுக்கும் தனியா வரிவிலக்கு வாங்கலாம்" என்றார் அவர்.

"ஒரே சூளை, ஒரே ஆளுங்க, பேரு மட்டும் ரெண்டா? அந்தப் பொய்யி எனக்கு வேணாங்க. வரியைக் கட்டிட்டு விக்க முடியாதா?"

"விலை ஏறிடும். எந்தக் கடைக்காரன் வாங்குவான்?"

"கடைக்காரங்க வேணாம். வேற யாரு வாங்குவாங்க?"

திருமால் யோசித்தார். "கலால் வரி கட்டுற பெரிய கம்பெனிங்க வாங்கலாம். நீங்க கட்டுற வரியை அவங்க வரியில கழிச்சுக்குவாங்க, அவங்களுக்கு நஷ்டமில்ல. ஆனா வருஷம் முழுக்க சரக்கு கேப்பாங்களே!"

கனகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு வேண்டியதே அதுதானுங்களே!"

மறுநாள் ஒரு பை நிறைய ஃப்யூஸ் கட்டைகளோடு சென்னை பஸ் ஏறினாள். அம்பத்தூரில் ஸ்விட்ச் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் அதிகாரி அவளை மதியம்வரை காக்கவைத்தார்.

"விருத்தாசலமா? பிப்ரவரி ஆனா அங்கேருந்து சரக்கே வராதும்மா."

"என்கிட்டேருந்து வரும் சார். வரி கட்டுன பில்லோட வரும்."

அவர் முதன்முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். பையை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார்.

அடுத்து வந்த நாட்களில் தொலைபேசி அடித்தபோதெல்லாம் கனகா ஓடிப்போய் எடுத்தாள். பன்னிரண்டு பேரும் டிக்கெட் விசாரித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கடைசியில் ஒரு காலையில் அம்பத்தூரிலிருந்து பேசினார்கள். கட்டைகள் தேறிவிட்டன, மாதாமாதம் லாரி ஏற்ற வேண்டும்.

கனகா செருப்புகூடப் போடாமல் மண்ணை அச்சில் வைத்து அழுத்தும் பகுதிக்கு ஓடினாள். "தனக்கோடி! சூளை அணையாது. மாசியிலயும் வேலை, பங்குனியிலயும் வேலை!"

தனக்கோடி கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருப்பூர்ல கூலி கூடுதலாச்சே?"

"ஏத்தித் தர்றேன்டி!"

பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துப் பட்டறைவரை கேட்டது.

அந்த மாசியில், அடங்கிக் கிடந்த வரிசையில் அவள் புகைபோக்கி மட்டும் புகைந்தது. முதல்முறை கலால் வரி கட்டிவிட்டு வங்கிப் படியிறங்கியபோது, ஒளிந்து வாழ்ந்த இடத்திலிருந்து வெளியே வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. நிலையான ஆர்டரைக் காட்டியதும் அதே வங்கி இரண்டாவது சூளைக்குக் கடன் தந்தது. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து புது ஆட்கள் சேர்ந்தார்கள். முன்பே திருப்பூர் போயிருந்த இரண்டு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பிவந்தன.

அடுத்த ஆண்டு தையில் புதுச் சூளை தயாரானது. அக்கம்பக்கத்து முதலாளிகள் சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அம்பத்தூர் கம்பெனி மாதிரி வரி கட்டிய சரக்கு வாங்கும் வேறு கம்பெனிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார்கள். கனகா தீப்பந்தத்தைத் தனக்கோடியிடம் நீட்டினாள்.

"நானாக்கா?"

"பின்ன யாரு?"

தனக்கோடி பந்தத்தை உள்ளே செலுத்தினாள். குப்பென்று தீ பற்றிக்கொண்டது. வேலையாட்கள் கைதட்டிய சத்தத்தில் எஸ்டேட்டே அதிர்ந்தது.