பரிசுக்கு நின்ற முள்ளுச்செடி

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பதினோரு வருஷம் குடியிருந்தும், குடியரசு தின மேடையில் என் பெயரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பாட்டு, கேரம், ஏன், சாக்கு ஓட்டத்தில்கூடப் பக்கத்து வீட்டு பக்தவத்சலம்தான் பரிசு வாங்குவார். "ஒரே ஒரு தடவை உங்க பேரைக் கூப்பிடட்டும், கை வலிக்கத் தட்டுறேன்" என்பாள் என் மனைவி ஸ்ரீதேவி. கேலியாகத்தான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்வாள். அவளுக்காகவாவது ஒரு பரிசு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் இன்னும் தோற்காமல் மிச்சம் இருந்தது தோட்டப் போட்டி மட்டும்.

எனக்கும் செடிக்கும் ஏழாம் பொருத்தம். ரோஜா நட்டால் குச்சி மிஞ்சும். அப்படிப்பட்டவன் வீட்டில், தொண்ணூற்றெட்டாம் வருஷ மழைக்குப் பிறகு, துணிக்கொடிக்குக் கீழே தானாக ஒரு செடி முளைத்தது. தினமும் காலையில் ஸ்ரீதேவியின் லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குத் தீனி வைத்துவிட்டு நான் உமியை ஊதித் தள்ளும் இடம் அது. இலை ஓரமெல்லாம் முள். பொங்கலுக்கு உச்சியில் ஒரு முள்கிண்ணம் வந்து, அதிலிருந்து மஞ்சள் குஞ்சமாகப் பூ எட்டிப் பார்த்தது.

புத்தகத்தைப் புரட்டி, சூரியகாந்திக் குடும்பம் என்று கண்டுபிடித்தேன். அது சரிதான். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கடல் தாண்டிக் காற்றில் வந்த விதை, இந்தியாவிலேயே முதல் செடி என்று கேண்டீனில் அளந்தேன். ஆபீசில் எந்த அளவையும் மூன்று தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத ஆள் நான்.

செடிக்கு இடைஞ்சல் என்று துணிக்கொடியை அவிழ்த்தேன். அப்படியும் அந்தப் பக்கம் போகும்போது ஸ்ரீதேவியின் இரண்டு சேலைகளை முள் கிழித்தது. அவள் கிழிசலைத் தைத்துக் கட்டிக்கொண்டாள். பக்தவத்சலம்தான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஊரே பூ வளக்குது, நீங்க முள்ளு வளத்துகினு கீறீங்க?"

"பரிசளிப்பு அன்னிக்குப் பாருங்க சார்" என்றேன்.

அந்தச் செடியை நம்பிப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து நடுவராக வந்தவர் பார்வதம் மேடம், தாவரவியல் பேராசிரியை. செடியைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார்.

"இதுங்களுக்குத் தீனி எங்க வாங்குறீங்க?"

"திருக்கழுக்குன்றத்துல மேடம். மலிவா கிடைக்குது."

"அதுல கலந்து வந்திருக்கு. காட்டுக் குசும்பா. வடக்கே வயல்ல களையா வரும். விதை உதிர்றதுக்குள்ள பிடுங்கிடுங்க சார்."

கடலாவது காற்றாவது. தினமும் காலையில் வாயால் ஊதி நானே விதைத்திருக்கிறேன்.

உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீதேவிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. "மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பிடுங்கினால் கேட்பாள் என்று செடியையும் பிடுங்கவில்லை.

குடியரசு தினத்தன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். தோட்டப் பரிசு பக்தவத்சலத்தின் டேலியாவுக்குப் போனது. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். அப்போதுதான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து, திரு. பார்த்தசாரதி அவர்கள்..."

என் பெயர்தான். ஸ்ரீதேவி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"...தன் வீட்டில் வளர்ந்துள்ள முள்ளுக்களையை, விதை பரவுவதற்குள் அகற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அவள் மட்டும் நிறுத்தவில்லை. கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். உள்ளங்கை சிவக்கத் தட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேரைக் கூப்பிட்டாங்க இல்ல?" என்றாள். "நாளைக்குத் துணிக்கொடியைக் கட்டிடுங்க."