ரொட்டி அடுப்பில் வெந்த சிப்

“அதை அடுப்புல வைங்க சார்,” என்றாள் தீப்திகா.

கேட்கவே கூடாதென்று அவளுடைய பேராசிரியர் ரகுநாதன் சொல்லிவைத்திருந்ததை, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டுவிட்டாள். உட்கார நாற்காலி இல்லை. தலைநகர் சுவாவை ஒட்டி, லாமியிலிருந்த அந்த வீட்டில் பாதி சாமான் மரப்பெட்டிகளுக்குள் போய்விட்டது; அடுத்த வாரம் குடும்பம் பிரிஸ்பேனுக்குக் கிளம்புகிறது. மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து இந்தியர் தலைமையிலான ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து, சுவாவைச் சுற்றி எந்தத் தெருவில் போனாலும் இந்தியர் யாரோ ஒருவர் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

மேசையில் ஒரு தகரப் பெட்டி. தீப்திகாவின் ஊரான பாவில், ஆற்றங்கரையில் வைப்பதற்காகச் செய்தது. மழையளவையும் ஆற்று மட்டத்தையும் பார்த்து, வெள்ளம் வருமா வராதா என்று சொல்லக் கற்றுக்கொண்ட பெட்டி. கற்றதெல்லாம் உள்ளேயிருக்கும் மெமரி சிப்புகளில் இருந்தது. சிப்பின் ஒவ்வொரு நுண்ணறையிலும், அதாவது செல்லிலும், கொஞ்சமாகவோ நிறையவோ மின்னேற்றத்தை அடைத்துவைத்தால், மூளையில் நரம்புக்கும் நரம்புக்கும் உள்ள பிடிப்பைப் போல அது வேலை செய்யும். வரும் சமிக்ஞையைத் தன் மின்னேற்ற அளவால் அந்தந்த செல்லே பெருக்கிவிடும், விடைகளெல்லாம் கம்பியிலேயே கூடிவிடும். தனியாகக் கம்ப்யூட்டர் வேண்டாம். கரண்ட் போனாலும் கற்றது போகாது. மொனசாவு மின்நிலைய அணையைக் கலகக்காரர்கள் பிடித்துவைத்துக்கொண்டதால், ஊருக்கு மின்சாரம் பங்குபோட்டுக் கிடைத்த வருஷத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? யோசனை ரகுநாதனுடையது. ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்து உட்கார்ந்து, செல் செல்லாக அளவு ஏற்றியது தீப்திகா.

நாளை பாவில் ஊர்க் கமிட்டியிடம் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு இது மறக்காது என்று, ஊரில் எல்லாரும் பேசும் இந்தியில் அவள்தான் எழுந்து சொல்ல வேண்டும். கரும்புக்காரர் நாகையாவின் மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், சொன்னால் நம்புவார்கள். சொல்லிவிட்டால் பிரிஸ்பேனில் அவளுக்கும் ஓர் ஆராய்ச்சி இடம்.

“மறுபடியும் அடுப்பா?” ரகுநாதன் நிமிரவில்லை. ஒரு மரப்பெட்டியைச் சுற்றிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். “பத்து வருஷம்னு சிப் பண்ணவனே எழுதிக் குடுத்திருக்கான்மா.”

“அவன் எழுதினது ஒண்ணுக்கும் சைபருக்கும் சார். கொஞ்சம் கசிஞ்சாலும் ஒண்ணு ஒண்ணாவே நிக்கும். நாம வெச்சிருக்கிறது காலு, அரை, முக்கா. அரை கசிஞ்சு காலாச்சுன்னா பெட்டி என்னா சொல்லும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“அப்ப சூடு பண்ணிப் பாக்கலாமே. வருஷக்கணக்குல கசியறது சூட்டுல ஒரு வாரத்துல கசிஞ்சுடும். பாடம் நடத்தினது நீங்கதான்.”

“கோவம் வந்தா உன் தமிழ் நல்லா இருக்கு. எங்க, பஜனையில கத்துக்கிட்டியா?”

“எங்கப்பா பாடுற பஜனையில. நீங்க புளியோதரை வாங்கிச் சாப்பிட்ட அதே கோயில்ல.”

அவர் மனைவி பாமா டீ கொண்டுவந்தாள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். “டம்ளரெல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு. இதுலயே குடி. வந்ததும் வராததுமா என்ன சண்டை? ரெண்டு பொண்ணை வெச்சிருக்கோம்மா. பக்கத்து வீட்டு ஜன்னல்ல கல்லு விழுந்தது உனக்குத் தெரியாதா?”

“தாராளமா போங்க ஆன்ட்டி. போறது தப்புன்னு நான் சொன்னேனா? எங்க பக்கத்துல பாதி வீடு பூட்டிக் கெடக்குது. கூப் நடந்து ஆட்சி கவுந்தா எல்லாரும் பொட்டி கட்டலாம், ஆறு எங்க போவும்? அந்தக் கரையில ஒரு பொய்யை நட்டு வெச்சுட்டுப் போவாதீங்க, அவ்வளவுதான்.”

“பொய் சொல்லச் சொல்லலையே,” என்றார் ரகுநாதன். “கம்பெனிக்காரன் பத்து வருஷம்னு சொல்றான்னு சொல்லு. நிஜம்தானே அது?”

“எங்க ஊர்ல கம்பெனி சொன்னதா யார் காதுலயும் விழாது. நாகையா பொண்ணு சொன்னான்னுதான் விழும். வெள்ளம் வந்தா எங்கப்பாவைத்தான் வந்து கேப்பாங்க. உங்களை பிரிஸ்பேன்ல வந்தா கேக்கப்போறாங்க?”

பையிலிருந்து ஒரு ரொட்டித் தகரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே சிப்புகள். பெட்டிக்குச் செய்தபோதே அதே அளவுகளை ஏற்றி மாற்றுக்கென்று வைத்திருந்த ஜோடி.

“நீங்க வைக்க மாட்டேன்னீங்க. நான் வெச்சேன். இங்க கமலேஷ் அண்ணன் பேக்கரியில, ஒரு வாரமா, ரொட்டி இறக்கினதும் இருக்கிற சூட்டுல. அவர் கேக்குறார், ‘பேட்டி, மகளே, இந்தக் கேக் யார் கல்யாணத்துக்கு’ன்னு.”

பாமாவுக்குச் சிரிப்பு வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

தீப்திகா நல்ல சிப்புகளைக் கழற்றிவிட்டுச் சுட்டதை மாட்டினாள். பெட்டி பாட்டரியில் ஓடுவது. போன வருஷ ஜனவரி வெள்ளத்தின் மழையளவை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அந்த வெள்ளத்தில்தான் தீப்திகா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த சுஷீலா கூரைமேல் உட்கார்ந்து குரல் போகும்வரை கத்தினாள். கடைசி அளவையும் கொடுத்தாகிவிட்டது. வெள்ளம் வருமென்று சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்தது.

ரகுநாதன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

“ரொட்டி அடுப்பு ஒரே சூட்டுல இருக்காது. இதெல்லாம் ஒரு சோதனையா?”

“இல்லதான். அதுக்குத்தான் லேப் அடுப்புல முறையா வைங்கன்னு மாசக்கணக்கா உங்க பின்னாடி அலைஞ்சேன். என்னா வருமோன்னு உங்களுக்கும் தெரியும். அதான் வைக்கல.”

அவர் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரலை இறக்கி, “உன் பிரிஸ்பேன் இடத்துக்கு நான் இன்னும் லெட்டர் அனுப்பலை, தீப்திகா,” என்றார்.

“அனுப்ப வேணாம் சார்.”

“என்னது?”

“காலையிலயே அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், நான் போவலைன்னு. திட்டினார். ஊரே போவுது, உனக்கென்னா கேடுன்னார். திட்டட்டும்.” சுட்ட சிப்புகளைக் கழற்றி, நல்லதை மாட்டி, மூடியைத் திருகினாள். ஒரு திருகாணி கீழே விழுந்தது. எடுத்துப் போட்டாள். “நாளைக்கு எழுந்திரிச்சு நான் சொல்லப்போறது இதுதான். இந்தப் பெட்டி மறக்கும். வருஷா வருஷம் நவம்பர் மழைக்கு முன்னாடி மறுபடி சொல்லிக்கொடுக்கணும். சொல்லிக்கொடுக்க நான் இருக்கேன்.”

“என் மானத்தை வாங்கப்போறியா?”

“உங்க பேரையே எடுக்க மாட்டேன். கேட்டாங்கன்னா சார் ஊரை விட்டுக் கிளம்புறார்னு சொல்றேன்.”

ரொட்டித் தகரத்தை அவருக்கே விட்டுவிட்டாள். பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆணி அடித்த பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து கதவுக்கு வந்தாள். பாமா வழிவிட்டாள். வெளியே தூறலாக இருந்தது. தீப்திகா துப்பட்டாவைப் பெட்டிமேல் போர்த்தி, பா பஸ் வரும் சாலையை நோக்கி நடந்தாள்.