‘டம்ளர் பிடித்தல்’ பிறந்த வீடு

பேச்சுவழக்கு அகராதி ஒன்றைத் தொகுத்துவந்த பதிப்பாசிரியருக்கு அச்சகத்தில் அகராதியார் என்று பெயர். பாதி மரியாதை, பாதி குசும்பு. அதற்கு மெய்ப்புத் திருத்தியவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றார்கள். பைண்டிங் பிரிவின் மேற்பார்வையாளர் அவருடைய மனைவியின் அண்ணன். அந்த மச்சான் வாயில் விழுந்தவர் எழுந்ததில்லை. மாப்பிள்ளை தினமும் விழுந்தார்.

ஒருநாள் மெய்ப்பில் இது அவர் கண்ணில் பட்டது: ‘டம்ளர் பிடித்தல்: நாலு பேர் கூடிய இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கூசி நிற்றல். பண்டைய அரசவையில் காலிக் கிண்ணத்தோடு பரிசிலுக்குக் காத்து நின்ற புலவரிடமிருந்து பிறந்தது.’

மாப்பிள்ளை அதை இன்னொரு தரம் படித்தார். அந்தப் புலவர் அவர்தான். கல்யாணமான புதிதில் மச்சான் வீட்டு விருந்துக்குப் போய், ஜூஸ் குடித்து முடித்த டம்ளரைச் சாயங்காலம் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். மறுநாளே மச்சான் அதை அச்சகம் முழுக்க விநியோகம் செய்துவிட்டார். இப்போது அங்கே யார் தயங்கினாலும் ‘டம்ளர் பிடிக்காதய்யா’தான். புலவர் தலையில் பழி விழுந்தால் தன் மானம் பிழைக்கும் என்று பக்கத்தை அப்படியே அனுப்பிவைத்தார்.

அந்தப் பக்கம் மச்சான் கண்ணிலும் பட்டது. விடுவாரா? சொல்லைப் பெற்றவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, அதற்கு ராஜா இனிஷியலா என்று அகராதியார் அறைக்குள் நுழைந்தார், சாட்சிக்கு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. முழுக் கதையையும் அபிநயத்தோடு நடித்துக் காட்டினார். அகராதியார் முகம் சுண்டிப்போனது. அந்த அரசவை ஆராய்ச்சிக்கு ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் கைதட்டல் வாங்கியிருந்தார்.

“ஏம்ப்பா, இவர் சொல்றது நெஜமா?”

“நெஜந்தான் சார். அர்த்தம்தான் தப்பு” என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரல் அவருக்கே புதிது. “கார்ல வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாங்க. நான் பஸ்ல போனவன். உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல. டம்ளர வாங்கி வைக்கவும் யாரும் வரல. அதனால, ‘வந்தவன நிக்கவெச்சு வேடிக்க பாக்கற வீட்டுக்காரன் லட்சணம்’னு போடுங்க. வீட்டுக்காரர் பேரு, விலாசம் எல்லாம் நான் தர்றேன்.”

“மாப்ளே, குடும்ப விஷயத்தப் போயி...”

“அச்சுல வரணும்னு நீங்கதான மச்சான் கேட்டீங்க?”

மச்சான் பிடரியைத் தேய்த்தார். பிறகு அகராதியார் பக்கம் திரும்பிக் குழைந்தார். “யோசிச்சுப் பாத்தா, எங்க வீட்டுக்கு ரொம்ப முன்னாடியே அந்த வார்த்த இருந்திருக்கும் சார். ராஜா காலத்துதுன்னுதான் எனக்கும் படுது.”

அகராதியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதல்லவா களச்சான்று என்று பூரித்து, அதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார். மச்சான் சட்டைப்பையைத் தடவினார். மாப்பிள்ளை தன் பேனாவையே நீட்டினார். கடைசி எழுத்து விழும்வரை அவர் தோளருகிலேயே நின்றார்.