ஊறுகாய் போட்ட இயந்திரத் துப்பாக்கி

இந்த உலகத்தில் இயந்திரத் துப்பாக்கியை ஊறுகாய் போட்டவன் நான் ஒருவன்தான். மிளகாய், இஞ்சி, நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் சிச்சுவான் மிளகு எல்லாம் சேர்த்துப் பக்குவமாக ஊறவைத்தேன். எடுத்துச் சுட்டபோது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் பசி எடுத்தது.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அறுபத்தாறாம் ஆண்டு. சிச்சுவான் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த ஆயுதத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். அதுவரை எங்கள் படை ஓடிப்போய்ச் சுட ஒரு துப்பாக்கி, ஓரிடத்தில் நிறுத்திச் சுட இன்னொன்று என்று இரண்டு வகை சுமந்தது. அந்தக் கனத்த துப்பாக்கியைத் தூக்க மூன்று பேர், தூக்கியவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர். எங்கள் தியான் இன்ஜினியர் வரைந்தது இரண்டுக்குமான ஒரே துப்பாக்கி. ஓர் ஆள் எடுத்துக்கொண்டு ஓடி, முன்னால் இரண்டு கால் விரித்துச் சுடலாம். முக்காலியில் ஏற்றினால் மலையையே நிறுத்தி வைக்கலாம். நான்கு வருடம் அந்த அம்மாள் கண்ட கனவிலும் அதுதான் சுட்டிருக்கும். அரம் போட்டுப் பாகம் பாகமாகப் பொருத்தியது நான்.

மிச்சமிருந்தது உப்புநீர்ச் சோதனை. தெற்குத் தீவுகளின் கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், மூன்று நாள் உப்புநீரில் கிடந்து எழுந்தும் துப்பாக்கி சுட வேண்டும். ராணுவப் பிரதிநிதி கெங் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும், தியானின் நான்கு வருடம் அலமாரிக்குள் போய்விடும். அந்தத் திங்கட்கிழமைதான் எங்கள் உப்புத் தொட்டி விரிசல் விட்டது. புதுத் தொட்டிக்கு ஒரு மாதம். உப்போ ரேஷனில்.

வழி சொன்னவள் என் மனைவி சியூஃபாங். எங்கள் பக்கத்தில் ஊறுகாய் என்றால் ஜாடி நிறைய உப்புநீர்; காய் தீரும், நீர் தீராது. பிள்ளைகளைவிட வயதான நீர் வீட்டுக்கு வீடு இருந்தது. நாற்பத்தொரு வீட்டு நீரைக் கேண்டீனின் பெரிய மண்சால் ஒன்றில் கொட்டினோம். அந்தச் சாலில் எருமையை ஒளித்து வைக்கலாம். பெண்கள் போட்டது ஒரே நிபந்தனை. நீரைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதனால் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது, பட்டால் நீர் பூத்துக் கெட்டுவிடும். சலவைச் சோடாவும் வெந்நீரும் போட்டுத் துப்பாக்கியைப் புதுமணப்பெண்ணைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்தார்கள். இரும்பு வெறும் உடம்போடு நின்றது.

கெங் வடக்கே ஷான்டோங்காரர், அங்கே வெங்காயத்தாள் இல்லாமல் சாப்பாடு இறங்காது. பச்சை வெங்காயத்தாளைக் கடித்துக்கொண்டே மறுத்துத் தலையசைத்தார். "விதிப்படி மெல்லிசா எண்ணெய் பூசித்தான் இறக்கணும்."

"தோழர், இது என் மாமியார் கொடுத்த தண்ணி, முப்பது வருஷமாச்சு," என்றாள் சியூஃபாங். "உங்க விதிக்கு என்ன வயசு?"

வெறும் இரும்பு மூன்று நாள் தாங்காது என்று கெங் அடித்துச் சொன்னார். தாங்கிவிட்டால் நாங்கள் திருட்டுத்தனமாக எண்ணெய் பூசியதாகத்தான் எழுதப்போவதாகவும் சொன்னார். மூடியின் மேல் முத்திரைக் காகிதம் ஒட்டி, சாலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு அடைகாத்தார். வாசனையிலேயே இரண்டு கிலோ ஏறினார்.

வெள்ளி மதியம் மூடி திறந்தது. துப்பாக்கி பழுத்த மிளகாய் நிறத்தில் வெளியே வந்தது. தியான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சுடுதளத்துக்கு எடுத்துப் போனதும் நான் எண்ணெய் கேனைத் தேடினேன்.

"அதைக் கீழ வை, லியாவ்," என்றார் கெங். "காய்ஞ்சபடியே சுடு. அப்பதான் நம்புவேன்."

தோட்டா ஏற்றும் கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. குதிகாலால் ஓர் உதை விட்டேன். துருவை உதிர்த்துக்கொண்டு பின்னால் போனது. தோட்டாப் பட்டையை மாட்டி அழுத்தினேன்.

முதல் தோட்டாவோடு ஊறுகாய் நீரும் பறந்தது. அப்புறம் அது தன் பாட்டுக்குப் பாடியது. நூறு தோட்டா, நிற்கவில்லை. முக்காலியில் ஏற்றி இன்னொரு நூறு. துருவைத் தடுக்கத் தியான் குழலுக்குள் பூசவைத்த குரோம் பளபளத்தது. சூடேறிய மிளகு வாசனையில் சுடுதளமே தும்மியது. கெங் மட்டும் முப்பது தும்மல். மூன்றாவது பட்டையும் போட்டேன், ஆசைக்கு. பின்னாளில் 'அறுபத்தேழு' என்ற பெயரோடு தீவுக் காவலிலும் தெற்கு எல்லைச் சேற்றிலும் எங்கள் பையன்களுக்குத் துணை நின்றது இந்தத் துப்பாக்கிதான்.

தியான் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் கெங்கைப் பார்த்தோம். அவர் தரையில் கிடந்த தோட்டா ஓடுகளைக் கிளறினார், சூடான குழலைக் குனிந்து மோந்தார், இன்னொரு முறை தும்மினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"முத்திரை ஒட்டினதும் நான், பிரிச்சதும் நான். எண்ணெய் இல்ல. ஒரு தடவைகூட நிக்கல," என்றார் தியானிடம். "நடந்துச்சும்மா. என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு."