மறுநாள் வரும் பாட்டு

‘ஈரக் காலுறை’ என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டு, பாடிய மறுநாள்தான் காதில் விழும். அதனால் ரசிகர்களும் மறுநாள்தான் வருவார்கள். இதிலே குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? முதல் நாளே வந்து வெறும் வாயசைவையா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

குழுவில் மூன்றே பேர். மூவரும் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள். கெய்ட்லின் பாடுவாள், ஓவன் டிரம்ஸ், மார்கஸ் கிட்டார். காலி அரங்கத்தில் தொண்டை கிழியப் பாடிவிட்டு, வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலி மேடையிலிருந்து பாட்டு கிளம்பும். ஜனம் கைதட்டித் தீர்க்கும். ‘அலட்டல் இல்லாத பிள்ளைகள்’ என்று ஒரு பத்திரிகைகூட எழுதியது. உண்மைதானே, மேடையில் ஆளே இல்லாதபோது யார் அலட்டுவது?

கெய்ட்லினுக்குத்தான் வயிற்றெரிச்சல். இத்தனை ஊர் பாடியும் ஒரு கைதட்டல்கூட அவள் காதில் விழவில்லை. தன் குரல் நல்ல குரலா என்பதே அவளுக்குத் தெரியாது. நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில் பாடி முடித்து வெளியே வந்ததும் அரங்க வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் வரலை. நாளைக்கு இங்கேயே இருந்து கேக்கப் போறேன். நல்லா இல்லேன்னா நேரா எங்கப்பாவோட டயர் கடைக்குப் போயிடுவேன். உங்க பாட்டும் வேணாம், வேனும் வேணாம்.”

“அடிப்பாவி, அடுத்த ஊர்ல காலி அரங்கம் காத்துக்கிட்டு இருக்குமே!” என்றான் ஓவன்.

மறுநாள், மற்ற இருவரும் வேனிலேயே காத்திருக்க, அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு வந்தது. ஐயோ, அது என்ன குரல்! நினைத்ததைவிடக் கரகரப்பு, ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சைப் பிடித்து இழுத்தது. பக்கத்திலிருந்த பால்பண்ணைக்காரர் மூக்கை உறிஞ்சினார். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. கெய்ட்லினும் கை சிவக்கத் தட்டினாள், அழுதாள், சிரித்தாள். டயர் கடை நினைப்பு அன்றோடு ஒழிந்தது.

அரங்கத்துக்குள் அந்தக் குழு எழுப்பும் எந்தச் சத்தமும் மறுநாள்தானே வரும்? அவள் தட்டிய தட்டலும் அப்படித்தான் வந்தது. இன்னும் பாட்டு மிச்சமிருக்குமோ என்று ஊர் ஜனம் மறுபடி கூடியிருந்தது. மேடை காலி. கடைசி வரிசையிலிருந்து ஒற்றை ஆள் கைதட்டல் சடசடவென்று கிளம்பியது. கைதட்டல் வந்த பிறகு பாடாமல் இருந்தால் மரியாதையா? பால்பண்ணைக்காரர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அத்தனை பாட்டையும் ஊரே சேர்ந்து பாடியது.

வாசலில் நின்று மூவரும் கேட்டார்கள்.

“நம்மளைவிட நல்லாத்தான் பாடுறாங்க,” என்றான் மார்கஸ்.

“சும்மா இருடா. அவங்க என்கிட்டதானே கத்துக்கிட்டாங்க,” என்றாள் கெய்ட்லின். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஊருக்கு யாராவது போயாக வேண்டும். பாட்டு வந்துவிட்டதால் ஊர் ஜனமே போயிற்று, நான்கு பஸ் பிடித்து. பால்பண்ணைக்காரர் வீட்டுச் சாவியை ஓவனிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்று மாலை பால் கறந்து வைத்துவிட்டு, மூவரும் காலி அரங்கத்தில் தொண்டை கிழியப் பாடினார்கள். மறுநாள் பசுக்கள் நேரத்துக்கு வந்துவிட்டன. ஓவன் வாசலில் நின்று டிக்கெட் கிழித்து உள்ளே விட்டான். கெய்ட்லின் கடைசி வரிசையில், ஒரு செவலைப் பசுவைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சைகை காட்டி, இடம் பிடித்து உட்கார்ந்தாள்.